காரின் கண்கள் மங்கிய கதை

மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம் வழியாக விருதுநகர் செல்லும் நெடுஞ்சாலை சமவெளியின் ஊடே ஓடுகிறது. இன்று அது நடுவே தடுப்பு வைத்த நான்கு வழிச் சாலை. 1960களில் எதிரெதிரே வரும் இரு லாரிகள் ஒன்றுக்கொன்று ஒதுங்கித்தான் போக வேண்டும். பருத்திப் பொதியும் வைக்கோலும் ஏற்றிய மாட்டு வண்டிகள் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடை போடும். வண்டியோட்டி கண்ணயர்ந்தாலும் மாடுகள் வழி தவறா. அச்சுக்கடியில் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். எண்ணெய் தீர்ந்தால் அதுவும் இராது. பின்னால் வரும் மோட்டார்க்காரர் தம் காரின் முகப்பு விளக்கொளியில்தான் அந்த வண்டியைக் காண வேண்டும்.

இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு, கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு வினாடி ஆகிறது எனக் கொள்வோம். அதற்குள் 17 மீட்டர் போய்விடும். பிறகு, அக்காலத்து டிரம் பிரேக்கைக் கொண்டு வண்டி நிற்க மேலும் 28 மீட்டர் எனக் கொள்வோம். மொத்தம் 45 மீட்டர். நல்ல நிலையிலுள்ள விளக்கு முன்னே போகும் வண்டியை 60 மீட்டர் தொலைவில் காட்டுமானால், 15 மீட்டர் மிச்சம். அதே விளக்கின் ஒளி பாதியாகக் குறைந்துவிட்டால் என்ன ஆகும்? ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது நாம் படித்ததே. அதன்படி அதே அளவு வெளிச்சம் 42 மீட்டரில்தான் கிடைக்கும். தேவையோ 45 மீட்டர்! தோராயமான கணக்குத்தான், ஆயினும் அந்த 3 மீட்டரில் ஒரு வண்டியும் இரண்டு மாடுகளும் ஒரு மனிதரும் இருக்கிறார்கள்.

ஒளி பாதியாவதற்கு மின்னழுத்தமும் பாதியாக வேண்டும் என்று மாணவர்கள் எண்ணக்கூடும். அப்படியன்று. சூடான இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. 12 வோல்ட்டில் 2.2 வோல்ட் தொலைந்தாலே ஒளி பாதியாகிவிடும். பழைய கார்களில் இந்த 2.2 வோல்ட் எங்கே தொலைந்தது என்பதே நம் கதை.

பந்தயக் காரின் உடன்பிறப்பு

1961இல் சென்னையை அடுத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த 'ட்ரையம்ப் ஹெரால்டு' காரின் இந்தியப் பதிப்பு அது. 948 கன சென்டிமீட்டர் எஞ்சின், தனிச் சட்டகம், அதன்மேல் பூட்டிய உடல். அதே சட்டக அமைப்பைச் சற்றுக் குறுக்கி, 1962இல் ட்ரையம்ப் நிறுவனம் 'ஸ்பிட்ஃபயர்' என்ற இருவர் அமரும் விளையாட்டுக் காரை உருவாக்கியது. இரண்டுக்கும் வடிவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி. ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரிக்கப்பட்டது. இன்று பழங்கார் ஆர்வலர்கள் போற்றி வைத்திருக்கும் வண்டிகளுள் ஒன்று. நம் ஊர் ஹெரால்டு அதன் உடன்பிறப்பு. ஆகவே அதற்கு வந்த நோய்களே இதற்கும் வந்தன.

இவ்விரு கார்களிலும் ஒரு புதுமை உண்டு. எஞ்சின் மூடி, இரு முன் மட்கார்டுகள், முகப்பு விளக்குகள் எல்லாம் ஒரே துண்டு. முன்பக்கக் கீலில் அந்தத் துண்டு முழுவதும் முதலை வாய் பிளப்பதுபோல் முன்னோக்கிச் சாயும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை செய்ய மெக்கானிக்குகளுக்கு இதைப்போல் வசதியான வண்டி வேறில்லை. ஆனால் விளக்குகளுக்குச் செல்லும் கம்பிகள் அந்த மூடி திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர வேண்டும். விளக்கிலிருந்து திரும்பும் மின்சாரமோ மூடியிலிருந்து சட்டகத்துக்கும், அங்கிருந்து மின்கலத்துக்கும் வந்து சேர வேண்டும்.

ஹெரால்டு வெளிவந்த அதே 1961இல் மதுரைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு வந்தது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-12ஆம் ஆண்டுகளில் தொடங்கிய மோட்டார்த் தொழில், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காத காலத்தில், கரியை எரித்து வாயு உண்டாக்கிப் பேருந்து ஓட்டும் கருவியைச் செய்து காட்டிய நிறுவனம் அது. மேல வெளி வீதியிலிருந்த அந்த டி.வி.எஸ். நிறுவனமும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து லூக்காஸ் நிறுவனமும் சேர்ந்து, சென்னையை அடுத்த பாடியில் லூக்காஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலையை நிறுவின. மோட்டார் வாகனங்களுக்கான மின்கருவிகள் செய்வதே அதன் பணி.

லூக்காஸ் என்ற பெயரைக் கேட்டதும் பழங்கார் ஆர்வலர்கள் புன்னகை செய்வார்கள். நிறுவனரான ஜோசப் லூக்காஸுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'இருளின் இளவரசர்'! அவர் 1870களின் இறுதியில் மிதிவண்டிக்கென விற்ற எண்ணெய் விளக்கின் பெயர் 'சாலையின் அரசன்' என்பதை நினைத்தால் இந்தக் கேலி இன்னும் கூர்மையாகிறது. ஆனால் கேலி நியாயமானதா? நான் அவ்வாறு கருதவில்லை. குற்றம் இன்னும் பழையது. அது எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியதன்று.

கார்பைடிலிருந்து டங்ஸ்டனுக்கு

முதல் மோட்டார் கார்களின் முகப்பில் எண்ணெய் விளக்குகளும், பின்னர் அசெட்டிலீன் விளக்குகளும் எரிந்தன. கால்சியம் கார்பைடுக் கல்லின்மேல் நீர் சொட்டினால் அசெட்டிலீன் வாயு வரும். மாங்காயைப் பழுக்க வைக்கச் சிலர் சட்டத்தை மீறிப் பயன்படுத்துகிறார்களே, அதே கல்தான். எட்மண்ட் டேவி என்பவர் 1836இல் கண்டறிந்த வாயு இது. ஒளி வெண்மையானது, வலிமையானது. ஆனால் நீர் சொட்டுவது சீராக இல்லாவிட்டால் சுடர் குதிக்கும். வாய்த்துளை கரியால் அடைத்துக்கொள்ளும். விளக்கேற்றுவதற்கே வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும்.

மின்விளக்கு 1898இலேயே அமெரிக்காவின் கொலம்பியா மின்காரில் வந்துவிட்டது. ஆயினும் கார்பன் இழை சாலையின் குலுக்கலைத் தாங்கவில்லை. 1910ஐ ஒட்டி வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டன் உலோகத்தை வளைந்துகொடுக்கும் கம்பியாக இழுக்க வழி கண்டார். அதன் பிறகே மின்விளக்கு காரில் நிலைபெற முடிந்தது. 1912இல் கெட்டரிங் என்பவரின் அமைப்புடன் வந்த கேடிலாக் கார் மின்கலம், டைனமோ, ஸ்டார்ட்டர், விளக்கு ஆகிய அனைத்தையும் ஒரே மின்சுற்றில் இணைத்தது. அன்றிலிருந்து காரின் கண்ணுக்கு உயிர் மின்கலத்தில்தான்.

'எர்த்' என்னும் பெயர்

ஒரு விளக்கு எரிய இரண்டு கம்பிகள் வேண்டும். ஆனால் காரில் ஒரு கம்பியே விளக்குக்குப் போகிறது. திரும்பும் வழியாக இரும்பு உடலே பயன்படுகிறது. இதனால் செம்பு மிச்சம், எடை குறைவு, செலவும் குறைவு. பட்டறைகளில் இந்தத் திரும்பு வழியைத்தான் 'எர்த்' அல்லது 'பாடி எர்த்' என்கிறார்கள். நான்கு ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் வண்டிக்கும் பூமிக்கும் என்ன தொடர்பு? எதுவுமில்லை. பெயர் தந்தியிலிருந்து வந்தது. தந்திச் செய்தி திரும்பி வர இரண்டாவது கம்பி தேவையில்லை, நிலமே போதும் என்று 1838இல் ஜெர்மானியரான ஸ்டைன்ஹைல் காட்டினார். சிக்கன உணர்வுள்ள கார்ப் பொறியாளர்கள் நிலத்துக்குப் பதில் இரும்பை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டனர்.

(இன்னொரு செய்தி: 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. விளக்கு இழைக்கு மின்சாரம் எந்தத் திசையில் ஓடினாலும் ஒன்றுதான். ஆனால் பழைய காரில் புது ரேடியோவோ ஆல்டர்னேட்டரோ பொருத்துவோர், முனை எது என்று பார்க்காமல் கை வைத்தால் நொடியில் அது வீணாகும்.)

இப்போது வழியைப் பின்தொடர்வோம். மின்கல முனையில் ஓர் இணைப்பு. அங்கிருந்து பழுப்புக் கம்பி, டைனமோவைக் கட்டுப்படுத்தும் 'கட்-அவுட்' பெட்டிக்கு. பிறகு விளக்குச் சுவிட்ச். அங்கிருந்து நீலக் கம்பி, டிம்-பிரைட் மாற்றும் சுவிட்சுக்கு. அதிலிருந்து பிரைட்டுக்கு நீலத்தில் வெள்ளைக்கோடு, டிம்முக்கு நீலத்தில் சிவப்புக்கோடு. காரின் முன்புறத்தில், தோட்டா வடிவப் பித்தளை முனைகளை ஒரு ரப்பர் உறைக்குள் செருகிய இணைப்புகள். பிறகு விளக்கு. விளக்கிலிருந்து கறுப்புக் கம்பி, உடல், சட்டகம், மின்கலத்தின் மறுமுனை. பிரிட்டிஷ் கார்களின் இந்த நிற ஒழுங்கை மனத்தில் வைத்திருப்பவருக்கு வண்டியின் படமே வேண்டாம்.

இந்த வழியில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு இணைப்புகள் இருக்கின்றன. வண்டி புதிதாக இருக்கும்போது அவற்றின் மின்தடை பொருட்படுத்தத் தக்கதன்று. ஆண்டுகள் செல்கின்றன. கோடைப் புழுதி, ஐப்பசி மழை, திறந்து மூடும் மூடியின் உரசல். செம்பிலும் பித்தளையிலும் களிம்பு ஏறுகிறது, இரும்பில் துரு. ஒவ்வோர் இணைப்பிலும் ஓர் ஓமில் அறுபதில் ஒரு பங்கு தடை சேர்ந்தால்கூட, பன்னிரண்டும் சேர்ந்து 0.2 ஓம். இது மிக அற்பமான அளவு. பள்ளி ஆய்வகத்துச் சாதாரண மீட்டரில் இதைச் சரியாக அளக்கவும் முடியாது. ஆனால் 45 வாட் விளக்குகள் இரண்டுக்கு 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் வேண்டும். ஓம் 1827இல் வெளியிட்ட விதி இங்கே தன் வேலையைக் காட்டுகிறது. வழியில் 0.2 ஓம் இருந்தால் ஏறத்தாழ 7 ஆம்பியர் ஓடும், 1.4 வோல்ட் வழியிலேயே வீழும். ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. மின்கலம் புத்தம் புதிதாக இருந்தாலும் இதே கதிதான்!

பெரிய பல்பு என்னும் தவறான மருந்து

விளக்கு மங்கல் என்றதும் கார்க்காரர் செய்வது என்ன? கடைக்குப் போய் 100 வாட் பல்பு வாங்கி மாட்டுவார். இதைவிடத் தவறான மருந்து இல்லை.

இரண்டு 100 வாட் பல்புகள் 16 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதே 0.2 ஓம் வழியில் ஏறத்தாழ 14 ஆம்பியர்தான் ஓடும். வழியில் வீழ்வது 2.8 வோல்ட்டுக்கு மேல். பல்பு தன் இயல்பான ஒளியில் ஐந்தில் இரண்டு பங்கையே தரும். சரி, பழையதைவிடச் சற்றேனும் கூடுதல் ஒளி கிடைக்கிறதே எனலாம். அந்த ஒளிக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். இணைப்புகளில் வெப்பமாகும் திறன் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். முன்பு 10 வாட். இப்போது 40 வாட். ஈயப்பற்று வைக்கும் சிறு சூட்டுக்கோலின் திறன் 25 வாட்தான். அதைவிடப் பெரிய சூட்டுக்கோலொன்றைக் காரின் கம்பிக் கட்டுக்குள் செருகி வைப்பதும் இதுவும் ஒன்று. இத்தனைக்கும் அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் முகப்பு விளக்குச் சுற்றுக்கு ஃபியூஸே கிடையாது. ஃபியூஸ் போனால் இரவில் திடீரென இருண்டுவிடும் என்ற அச்சமே காரணம் என்பர். அந்த நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் கம்பி உருகினால் காப்பாற்ற யாருமில்லை.

கார்களில் 6 வோல்ட் மின்கலம் இருந்த காலத்தில் நிலைமை இதைவிட மோசம். அமெரிக்க, ஜெர்மானியக் கார்கள் பலவற்றில் 1950களின் நடுப்பகுதி வரை 6 வோல்ட்டே. அதே 45 வாட் விளக்குக்கு இருமடங்கு மின்னோட்டம். அதே தடையில் இருமடங்கு வீழ்ச்சி. அதுவும் பாதி மின்னழுத்தத்திலிருந்து. ஆக, இழப்பின் விகிதம் நான்கு மடங்கு. 12 வோல்ட்டுக்கு உலகம் மாறியதற்கு இந்த எளிய வகுத்தலும் ஒரு காரணம்.

நோயைக் கண்டறிதல்

பட்டறையில் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "மீட்டர்ல 12 வோல்ட் காட்டுதுங்க, லைட்தான் எரிய மாட்டேங்குது." பல்பைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்திருப்பார்கள். வோல்ட்மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. மின்னோட்டம் இல்லாத இடத்தில் வீழ்ச்சியும் இல்லை. களிம்பேறிய இணைப்பும் அப்போது யோக்கியமாகவே தோன்றும். மதுரைப் பட்டறைகளில் மீட்டரை நம்பாத மூத்த எலெக்ட்ரீசியன்கள், ஒரு பல்பு ஹோல்டரில் இரண்டு கம்பி கட்டிய 'டெஸ்ட் லேம்ப்'பை வைத்துத் தேடுவார்கள். படித்தவர்கள் அதைக் கண்டு சிரிப்பதுண்டு. உண்மையில், விலையுயர்ந்த மீட்டரைத் தவறாகப் பயன்படுத்துவதைவிட அதுவே மேல். டெஸ்ட் லேம்ப் மின்னோட்டத்தை இழுக்கிறது. நோயுள்ள இடத்தில் மங்கிக் காட்டுகிறது.

மீட்டரைக் கொண்டே சரியாகப் பார்க்கவும் வழி உண்டு. விளக்கை எரியவிட்டு, எரியும்போதே அளக்க வேண்டும். நேர்முனை உடலோடு இணையாத வண்டி எனக் கொள்வோம். மீட்டரின் ஒரு முனையை மின்கலத்தின் நேர்முனையிலும் மறுமுனையை விளக்கின் பின்னுள்ள மின்வாயிலும் வைத்தால், போகும் வழியில் தொலைந்த வோல்ட் தெரியும். பிறகு விளக்கின் கறுப்புக் கம்பி முனைக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே வைத்தால், திரும்பும் வழியில் தொலைந்தது தெரியும். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. மிகுந்திருந்தால், அந்த வழியின் நடுவிலுள்ள ஓர் இணைப்புக்கு மீட்டர் முனையை நகர்த்த வேண்டும். குற்றம் எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும். மறுபடி அதில் பாதி. நான்கைந்து தடவையில் களிம்புள்ள இணைப்பே அகப்பட்டுவிடும். மருந்து பெரும்பாலும் உப்புத்தாளும், முறுக்கிக் கட்டும் ஒரு ஸ்பானரும், சிறிது கிரீஸும்தான்.

மீட்டரை எடுப்பதற்கு முன்னரே கண் பல செய்திகளைச் சொல்லும். எஞ்சின் வேகம் கூடும்போது விளக்கும் பிரகாசமானால், டைனமோவையும் மின்கலத்தையும் பாருங்கள். நின்ற நிலையில் பழைய டைனமோவால் போதிய மின்சாரம் தர முடிவதில்லை. எந்த வேகத்திலும் இரு விளக்கும் ஒன்றுபோல் மங்கினால், இரண்டுக்கும் பொதுவான வழியில், அதாவது சுவிட்சுகளில் தேட வேண்டும். ஒரு விளக்கு மட்டும் மங்கினால் அந்த விளக்கின் இணைப்பு அல்லது எர்த்.

மாணவர்களுக்கு ஒரு புதிர் தருகிறேன். டிம் வெளிச்சம் போட்டிருக்கிறோம். வலது விளக்கு நன்றாக எரிகிறது. இடது விளக்கில் இரண்டு இழைகளுமே செம்மையாகக் கனல்கின்றன. டாஷ்போர்டில் பிரைட்டைக் குறிக்கும் நீல விளக்கும் மங்கலாகத் தெரிகிறது. பிரைட்டை யாரும் போடவில்லையே, என்ன மாயம்? இடது விளக்கின் எர்த் அறுந்திருக்கிறது. டிம் இழை வழியே வந்த மின்சாரம் வெளியேற இடமில்லாமல், அதே பல்பின் பிரைட் இழைக்குள் பின்புறமாக நுழைந்து, நீல-வெள்ளைக் கம்பி வழியே போய், வலது விளக்கின் பிரைட் இழை மூலம் எர்த்தை அடைகிறது. மூன்று இழைகள் தொடரில். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 4 வோல்ட். வலது விளக்கின் பிரைட் இழையும் கனலும். பக்கத்தில் டிம் இழை முழுதாக எரிவதால் கண்ணுக்குத் தெரியாது. நீல-வெள்ளைக் கம்பியிலேயே குறிவிளக்கும் இருப்பதால் அதுவும் ஒளிர்கிறது. ஒரு கறுப்புக் கம்பியைத் தேய்த்து முறுக்கிவிட்டால் மாயம் தீர்ந்தது. இதைத் தெரியாமல் இரண்டு பல்புகளையும் சுவிட்சையும் மாற்றிப் பணத்தை இழப்போர் உண்டு.

தந்தி தந்த மருந்து

எவ்வளவு தேய்த்தாலும், நீண்ட வழியும் பழைய சுவிட்சும் இருக்கும்வரை நோய் திரும்பி வரும். விளக்குக்குத் தேவையான முழு மின்னோட்டத்தையும் ஏன் டாஷ்போர்டு வரை இழுத்துச் சென்று திரும்பக் கொண்டுவர வேண்டும்? இதற்கான விடை ரிலே. 1835இல் அமெரிக்கரான ஜோசப் ஹென்றி இதைச் செய்து காட்டினார். நெடுந்தொலைவு ஓடிக் களைத்த சிறு மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்க, அது வேறொரு சுற்றில் புதிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும். தந்தியில் பெரும்பயன் தந்த ஏற்பாடு இது. எர்த் வழியும் தந்தியிடமிருந்து வந்தது, அதன் குறைக்கு மருந்தும் அங்கிருந்தே வந்தது என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

காரில் மின்கலத்தின் அருகே டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலேக்களை வைத்து, மின்கலத்திலிருந்து தடித்த கம்பியை ஃபியூஸ் வழியாக நேரே விளக்குக்குக் கொடுக்கிறார்கள். பழைய சுவிட்ச் இப்போது ரிலேயின் சுருளை மட்டும் இயக்கினால் போதும். அதற்கு வேண்டியது 0.2 ஆம்பியர் அளவே. அந்தச் சுவிட்சில் முன்போலவே களிம்பு இருந்தாலும் வீழ்ச்சி நூற்றில் சில பங்கு வோல்ட்தான். ஐரோப்பாவில் 1962இல் ஹாலஜன் முகப்பு விளக்குகளும், 1971இல் இரட்டை இழை கொண்ட எச்-4 பல்பும் வந்தன. பிற்காலக் கார்களில் ரிலே பொதுவழக்காயிற்று. ஹெரால்டின் வழித்தோன்றலான கேசல் 1977 வரை வந்து நின்றது. சென்னைத் தொழிற்சாலையும் 1988இல் மூடப்பட்டது.

இன்று ஹெரால்டையோ ஸ்பிட்ஃபயரையோ பேணி வைத்திருப்போருள் சிலர், பழமை கெடும் என்று ரிலே வைக்கத் தயங்குகிறார்கள். தீப்பெட்டியைவிடச் சிறிய அப்பெட்டிகளை மட்கார்டின் உள்மடிப்பில் மறைத்து வைக்கலாம். பழைய கம்பி எதையும் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் ரிலேயைப் பொருத்துவோரில் பலர் போகும் வழியை மட்டுமே புதுப்பித்து, விளக்கிலிருந்து சட்டகத்துக்கு வரும் கறுப்புக் கம்பியைப் பழையபடியே விட்டுவிடுகிறார்கள். சாயும் மூடிக்கும் சட்டகத்துக்கும் இடையிலுள்ள அந்தக் கம்பியையும் அதே தடிமனில் புதிதாகப் போட்டு, மின்கலத்தின் எதிர்முனை வரை கொண்டுபோக வேண்டும்.